அறுபத்தேழு வயதுக் கைக்குழந்தை

ஞானசேகருக்கு முப்பத்தொன்பதாவது வயதில் ஆண் குழந்தை வாய்த்தது. குழந்தைக்கு அப்போது வயது அறுபத்தேழு. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், மேல்வரிசையில் இரண்டு பல் குறைவு, தோளில் எப்போதும் ஒரு காவித் துண்டு. திருப்பத்தூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகு பார்த்துவந்த நாகநாதன்தான் அந்தக் குழந்தை.

இது தொண்ணூற்று மூன்றில் நடந்தது. ஞானசேகர் அப்போது ஒரு தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தார். கல்லலில் கிளம்பி, காரைக்குடிக்குள் நுழைந்து, குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் போய்த் திரும்புகிற வண்டி. நல்ல மனிதர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் வாயில் ஒரு வார்த்தை குடியிருந்தது. "நான் பொறுப்பு" என்று சட்டென்று சொல்லிவிடுவார். மகனுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுத்து அனுப்புகிறவர்கள், தனியாக ஏறும் கர்ப்பிணியைக் கைகாட்டி விட்டுப் போகிறவர்கள், மாமியார் வீட்டுக்குப் பலாப்பழம் அனுப்புகிறவர்கள் எல்லோரிடமும் அதே வார்த்தைதான். "ஒங்களுக்குச் சம்பளம் டிக்கெட் கிழிக்கவா, ஊர்ப் பொறுப்பைச் சொமக்கவா?" என்று அவர் மனைவி மெர்சி கேட்பாள். சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வார்த்தையால்தான் நாகநாதன் வந்து சேர்ந்தார்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு சந்தை நாளில் லாரியைத் தவறவிட்டுவிட்டு, ஒரு கிடாக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பேருந்தில் ஏறினார். உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம் இருந்தது. ஆட்டை ஏற்றக் கூடாது என்று அவர்கள் சத்தம் போட்டார்கள். "ஒண்ணும் செய்யாதுங்க, நான் பொறுப்பு" என்றார் ஞானசேகர். பிள்ளையார்பட்டி விலக்கு தாண்டுவதற்குள் அது மாப்பிள்ளை மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. ரோஜாப்பூவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றிருந்தது என்பதுதான் பெண் வீட்டாருக்கு இன்னும் ஆத்திரம். ஞானசேகர் மறுபேச்சுப் பேசவில்லை. குன்றக்குடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார். மலையடிவாரப் பூக்கடையில் புது மாலை கட்டுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று, வாங்கிவந்து மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்தார். நாகநாதன் அதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருஷம் நாகநாதனின் மனைவி அடைக்கலமேரி இறந்துபோனாள். அவள் கிறிஸ்தவப் பெண். இவர் ஐயனார் கோவில் வகையறா. இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கட்டிக்கொண்டவர்கள். பிள்ளை இல்லை. நாற்பது வருஷமாக அவள் மாதா கோவிலுக்குக் கூப்பிட்டும் இவர் போனதில்லை. சாமி மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான். அவளைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த பிறகு அவருக்கு அந்த எண்ணம் வந்தது. தன் காலம் முடியும்போது அவள் பக்கத்தில் படுக்க வேண்டும். அதற்கு ஞானஸ்நானம் பெற வேண்டும். ஞானஸ்நானத்துக்குப் பக்கத்தில் நின்று பொறுப்பேற்க ஒரு ஞானத்தகப்பன் வேண்டும்.

திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில், வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார்.

"தம்பி, ஒங்ககிட்ட ஒரு காரியமா வந்தேன்."

"சொல்லுங்க பெரியவரே. கேரியரா, பார்சலா?"

"அதெல்லாம் இல்ல. நீங்க எனக்கு அப்பாவா இருக்கணும்."

ஞானசேகர் வாயிலிருந்த விசிலை எடுத்தார். கேட்டது சரிதானா என்று ஓட்டுநர் குமரப்பனைத் திரும்பிப் பார்த்தார். குமரப்பன் எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

நாகநாதன் விஷயத்தைச் சொன்னார். "அவ தம்பி சகாய ஆண்டனி திருச்சியில இருக்கான். அக்காவைக் கட்டுனதுலேருந்து என் மூஞ்சிய பாத்ததில்ல. வேற ஆளு எனக்கு யாரு. சந்தையில ஜாமீன் சொல்றவன் நூறு பேரு கெடைப்பான் தம்பி. ஆடு மாலையைத் தின்னப்புறமும் அதே எடத்துல நின்ன ஆளை நான் ஒங்களத்தான் பாத்திருக்கேன்."

 "பாக்கலாம் பெரியவரே" என்றார் ஞானசேகர். சந்தையில் அந்த வார்த்தைக்குச் சம்மதம் என்றுதான் பொருள். நாகநாதன் அவர் கையைத் தன் துண்டுக்குள் இழுத்து, விரல்களை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். ஆடு மாடு விலை முடிக்கிறவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள்.

பங்குச் சாமியார் ஃபாதர் இமானுவேல் படிப்பை முடித்துப் புதிதாக வந்தவர். எதையும் புத்தகத்தில் உள்ளபடி செய்கிறவர். மகனைவிடத் தகப்பன் இருபத்தெட்டு வயது இளையவராக இருக்கலாமா என்று ஞானசேகர் நம்பிக்கையோடு கேட்டார். சாமியார் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குப் பதினாறு வயசு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சு இருபத்து மூணு வருசம் ஆச்சு ஃபாதர்."

"அப்ப தடை இல்ல. பிள்ளைக்கு என்ன வயசு இருக்கணும்னு இதுல ஒண்ணும் போடல." பிறகு நாகநாதன் பக்கம் திரும்பினார். "ஐயா, ஞானஸ்நானம்கிறது மறுபிறப்பு. அன்னைக்கு நீங்க புதுசாப் பிறக்கிறீங்க. பழைய கணக்கு ஒண்ணும் கிடையாது. இவர் உங்களுக்கு ஞானத்தகப்பன். உங்க நல்லது கெட்டதுக்கு இவர் பொறுப்பு. விளங்குச்சா?"

"நல்லா வெளங்குச்சு சாமி" என்றார் நாகநாதன். சாமியார் அந்த வார்த்தைகளை எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார். அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்ட முதல் ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

ஞானப்பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியது ஞானத்தகப்பன் வீட்டு முறை. மெர்சி முணுமுணுத்துக்கொண்டே காரைக்குடியில் தையற்கடைக்குப் போனாள். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை என்றதும் கடைக்காரர் சரிகை ரிப்பனும் தொப்பியும் எடுத்துப் போட்டார். "தொப்பி வேணாம்" என்றாள் மெர்சி. குழந்தைக்குத் தலை நிற்கிறதா, கழுத்துக்கு நாடா வைக்கவா, பொத்தான் வைக்கவா என்று அவர் கேட்டார். மெர்சி அளவுச் சட்டையை எடுத்து மேஜை மேல் விரித்தாள். கடைக்காரர் அதன் பைக்குள்ளிருந்து ஒரு சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் தைத்துக் கொடுத்தார்.

ஞானஸ்நானத்தன்று கோவிலில் இரண்டு குழந்தைகள். ஒன்று நாற்பது நாள் பெண் குழந்தை. "பிசாசை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்டார். அந்தக் குழந்தைக்காக அதன் ஞானத்தாய் உடனே பதில் சொல்லிவிட்டாள். நாகநாதன் மட்டும் யோசித்தார். துண்டை மெல்ல ஞானசேகரின் கை மேல் போட்டு, அதற்குள் அவர் விரல்களைத் தேடிப் பிடித்தார். விடலாமா, முடித்துவிடலாமா என்று கேட்கிற அழுத்து. ஞானசேகர் திருப்பி அழுத்தினார். "விட்டுவிடுகிறேன்" என்றார் நாகநாதன், பாதி மனசோடு நல்ல கிடாயைக் கைமாற்றிவிடுகிறவர்போல.

பெயர் என்ன என்று சாமியார் கேட்டபோது இருவருமே விழித்தார்கள். அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. ஞானசேகர் வாயில் முதலில் வந்தது அவருடைய இறந்துபோன தகப்பனாரின் பெயர். "இன்னாசி" என்றார். தண்ணீர் தலையில் விழுந்ததும் பெண் குழந்தை வீறிட்டது. இன்னாசி அழவில்லை. "கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சிருக்கலாம் சாமி" என்று மட்டும் சொன்னார்.

 திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மெர்சி ஆரம்பித்தாள். "போயும் போயும் மாமா பேரையா வச்சீக? நான் எப்படி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்? கூப்பிட்டா மாமாவைக் கூப்பிட்ட மாதிரி இருக்காதா?" அவள் அந்தப் பெயரைக் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. மகன் முறை ஆளைப் 'பெரியவரே' என்றே அழைத்துவந்தாள். அவர் அவளை 'அம்மா' என்றார்.

மறுநாள் காலையில் பேருந்து கோவிலூர் தாண்டியதும் பின் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, சில்லறை இல்ல, பரவாயில்லையா?"

பேருந்து முழுக்கத் திரும்பியது. ஞானசேகர் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல முன்பக்கம் பார்த்தார். "அப்பா, ஒங்களத்தான்" என்றார் இன்னாசி. வெளியூர்ப் பயணிகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதிலிருந்து எதற்கும் அனுமதி கேட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா, பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறில் இறங்கலாமா, மழை வரும்போல இருக்கிறது, சந்தைக்குப் போகட்டுமா. வேலித் தகராறில் அனுமதி கிடைக்கும் முன்பே இறங்கிவிட்டார் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ராக்காயி கல்லலிலிருந்து நேராகக் காரைக்குடிக்கு வந்து ஞானசேகர் வீட்டு வாசலில் நின்றாள். "ஒங்க மகன் எங்க முருங்கையை ஒடிச்சுப்புட்டாரு. தட்டிக் கேக்க ஆளு இல்லைன்னா இப்படித்தான் திரியும்." ஞானசேகர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு முருங்கைப் போத்து கொண்டுபோய் நட்டுக் கொடுத்தார். சட்டையில் மண்ணோடு வந்தவரை மெர்சி ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர்களுடைய மகள் வின்சிக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குத்தான் இந்த ஏற்பாடு முழுசாகப் பிடித்திருந்தது. தான் ஞானஸ்நானம் பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றும், நேற்றுப் பெற்றவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முறையல்ல என்றும் அவள் எடுத்துச் சொன்னாள். இன்னாசி யோசித்துப் பார்த்து அதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து வின்சி அவருக்கு அக்கா. சந்தையிலிருந்து வரும்போது "அக்காவுக்கு" என்று கடலை மிட்டாய் வாங்கி வருவார்.

புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தம் செய்கிற வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து படித்தார். மூன்றாவது வாரம் அந்த வகுப்பெடுக்கிற சிஸ்டர் ஞானசேகருக்கு ஆள் அனுப்பினார்.

"பையனை நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்" என்றார் சிஸ்டர். சொன்ன பிறகு எதிரில் நிற்கிறவரின் வயதும் பையனின் வயதும் ஞாபகம் வந்து கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் விடவில்லை. "யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த பாடம் நடத்துறேன். இவர் எந்திரிச்சு நின்னு, முதல்ல கேட்ட விலைக்கே ஒத்துக்கிட்டான், ரெண்டு தடவை எந்திரிச்சுப் போற மாதிரி போயிருந்தா இன்னும் ஏறியிருக்கும்னு சொல்றார். பிள்ளைங்க எல்லாம் எவ்வளவு ஏறியிருக்கும்னு அவர்கிட்ட கேக்குதுங்க."

ஞானசேகர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்னாசி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் பயம் இருந்தது. அந்தப் பயத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததோ என்று ஞானசேகருக்குச் சந்தேகம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். செக்கர் சத்தியமூர்த்தி ஏறிய அன்றுதான் விஷயம் கெட்டது.

சத்தியமூர்த்தி பேருந்து கம்பெனியின் பரிசோதகர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் சிக்கனம். குன்றக்குடிக்கு முன்னால் வண்டியை மறித்து ஏறினார். ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து மூன்றாவது சீட்டில் நின்றார்.

"பெரியவரே, டிக்கெட்."

"எனக்கு டிக்கெட் கெடையாது. நான் பொறந்து நாலு மாசம்தான் ஆகுது" என்றார் இன்னாசி.

சத்தியமூர்த்தி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இன்னாசி மடியிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். அவர் அதை நிதானமாகப் படித்தார். "இதுல பிறந்த தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறுன்னு இருக்கே."

"அது மொதப் பொறப்பு. அதுல உள்ள கணக்கு ஒண்ணும் இனி செல்லாதுன்னு சாமியார் சொல்லிட்டாரு. வேணும்னா எங்க அப்பாவைக் கேளுங்க."

"உங்க அப்பா எங்க?"

இன்னாசி ஞானசேகரைக் காட்டினார். ஞானசேகர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, பூமி பிளந்தால் தேவலை என்று நின்றார். அன்று காலைக் கூட்டத்தில் அவர் இன்னாசிக்கு டிக்கெட் கிழிக்க மறந்துபோனது உண்மை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பார், கேட்காததை அப்பா கொடுத்த சலுகை என்று மகன் எடுத்துக்கொண்டிருந்தார்.

சத்தியமூர்த்தி இருவரையும் பார்த்தார். சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மூணு வயசுக்குள்ள பிள்ளைக்கு டிக்கெட் இல்லதான். ஆனா பிள்ளை மடியில இருக்கணும். தனியா சீட்டுல உக்காந்தா முழு டிக்கெட்" என்றார். அவர் கிண்டல் செய்தாரா, சட்டம் பேசினாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இன்னாசி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஞானசேகர் பக்கம் வந்து, "அப்பா, செத்த உக்காருங்க" என்றார்.

பேருந்து சிரித்த சிரிப்பில் குமரப்பன் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் முதலாளி ஞானசேகரைக் கூப்பிட்டு, அவர் ஆயுளில் கேட்டிராத வார்த்தைகளையெல்லாம் சொன்னார். கடைசி நடையில் கல்லலில் இறங்கியபோது இன்னாசி வாழைப்பழத்தோடு காத்திருந்தார். ஞானசேகர் அதுவரை அவரை 'வாங்க போங்க' என்றுதான் பேசிவந்தார்.

"நீ என்ன நெனைச்சுக்கிட்டிருக்க?" என்று கத்தினார். "ஒனக்கு வயசாச்சே, அறிவு வேணாம்?"

இன்னாசியின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் முறையாப் பேசுறீக. அப்பன் மகனை வாங்கன்னு கூப்பிடுறது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு."

"நான் ஒனக்கு அப்பன் இல்ல. கோவில்ல பக்கத்துல நின்னேன். அதோட முடிஞ்சுபோச்சு. இனி என்னைய அப்படிக் கூப்பிடாத."

 இன்னாசி வாழைப்பழத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து அவர் எல்லோரையும்போல ஏறினார். ஞானசேகர் கேட்கும் முன்பே காசை நீட்டினார். "கண்டக்டர் சார், திருப்பத்தூர் ஒண்ணு." அவ்வளவுதான். ஊசி விழுந்தால் கேட்கிற அளவுக்கு அமைதியான பயணியாகிவிட்டார். ஞானசேகருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 'சார்' என்கிற அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் உடுப்புக்குள் புகுந்த வைக்கோல்போல உறுத்தியது. வீட்டில் வின்சி தம்பி எங்கே என்று கேட்டபோது எரிந்து விழுந்தார். அந்த வாரம் பல பேருக்கு டிக்கெட்டைத் தவறாகக் கிழித்துக் கொடுத்தார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் திருப்பத்தூரிலிருந்து திரும்பும்போது காலையிலிருந்தே இருந்த வயிற்றுவலி முற்றி, ஞானசேகர் கைக்கம்பியைப் பிடித்தபடியே மடங்கி விழுந்தார். பயணிகள் எழுந்து கூடிவிட்டார்கள். சோடா என்றார் ஒருவர், பெருங்காயம் என்றார் ஒருவர். பின் சீட்டிலிருந்து இன்னாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவரைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டு முன்பக்கம் பார்த்துச் சொன்னார். "குமரப்பா, எங்குட்டும் நிறுத்தாத. நேரா ஆஸ்பத்திரிக்கு விடு."

நிறுத்தங்களில் நின்றவர்கள் கைகாட்டிக்கொண்டே நிற்க, வண்டி அப்படியே காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தது. பயணிகள் அத்தனை பேரும் நோயாளியோடு உள்ளே இறங்கினார்கள். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒருவர், வாசலுக்கே பஸ் விட்டுவிட்டார்கள் என்று எண்ணி ஏறி உட்கார்ந்து, இது கல்லல் போகுமா என்று விசாரித்தார்.

டாக்டர் அகிலாண்டேஸ்வரி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன், வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மெர்சி ஏதோ விசேஷத்துக்கென்று அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தகவல் சொல்லி, அவள் வந்து சேரப் பொழுதாகிவிடும்.

"நான் போடுறேன்" என்றார் இன்னாசி.

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

இன்னாசி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கல்லலில் சொல்லப்பட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடைசியில் மெதுவாகச் சொன்னார். "மகன்."

"பேஷண்ட் உங்க மகனா?"

"இல்ல தாயி. நான் அவுக மகன்."

 டாக்டர் நர்ஸிடம், "இவரையும் உக்கார வச்சுப் பிரஷர் பாரு" என்றார். வாசலில் நின்ற குமரப்பன் உள்ளே எட்டிப் பார்த்து, "நெசம்தான் டாக்டர், மகன்தான், பஸ்ஸே சாட்சி" என்றார். பின்னால் நின்ற பயணிகள் தலையாட்டினார்கள். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. படுக்கையில் சுருண்டு கிடந்தவரிடமே குனிந்து கேட்டார். "இந்தப் பெரியவர் உங்களுக்கு மகனா? இவரைக் கையெழுத்துப் போடச் சொல்லவா?"

ஞானசேகர் வலியில் கண்ணை இறுக மூடியிருந்தார். திறந்து பார்த்தபோது நர்ஸ் இன்னாசியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமா டாக்டர்" என்றார் ஞானசேகர். "எம் மகன்தான். போடட்டும்."

காகிதத்தை நீட்டியபோது இன்னாசி பேனாவைப் பிடித்தபடி தயங்கினார். அவர் பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் நாகநாதன் பெயரில்தான். நர்ஸ் அவசரப்படுத்தினாள். "நாகநாதனுக்கு இவுக ஒரு ஒறவும் இல்ல. இன்னாசிக்குத்தான் அப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வின்சி அக்கா ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டியிருந்த புதுப்பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மெர்சி அழுதுகொண்டே வந்து சேர்ந்தபோது, வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து இன்னாசி விசிறிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. இரண்டாம் நாள் அவர் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது மெர்சி கேட்டுவிட்டாள். "ஏன் பெரியவரே, ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே ஞானத்தகப்பன்னு. நீங்க ஏன் இம்புட்டுத் தூரத்துக்கு எடுத்துக்கிட்டீக?"

அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எங்கப்பன் ஒரு செட்டியார் வீட்டுக்குச் சமையக்காரரா மலேயாவுக்குக் கப்பலேறிப் போனாராம்மா. அப்ப நான் வயித்துல இருந்தேன். போனவரு போனவருதான். செத்தாரா, அங்குட்டே குடும்பமா ஆனாரான்னு தகவல் இல்ல. அதனால அப்பாங்கிற வார்த்தைய நான் யாரையும் பாத்துச் சொன்னதே கெடையாது. எங்களுக்கும் பிள்ளை இல்லாமப் போச்சா, என்னையப் பாத்தும் யாரும் சொன்னதில்ல. அன்னைக்குச் சாமியாரு, இனி இவருதான்னு கையைக் காட்டுனாரு. சரி, சொல்லித்தான் பாப்பமேன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல நல்லா இருந்துச்சு." டம்ளரை நீட்டினார். "உப்புப் போதுமான்னு பாருங்கம்மா. அப்பாவுக்கு உப்புக் கம்மியா இருந்தா எறங்காது."

கண்ணை மூடிப் படுத்திருந்த ஞானசேகர் தூங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். இன்னாசிக்கு முதலாளிக்குத் தெரிந்தே ஒவ்வொரு நாளும் முழு டிக்கெட் கிழிக்கப்பட்டது. மற்றதெல்லாம் பழையபடி ஆயிற்று. பல் பிடுங்க அனுமதி கேட்பதும், பேருந்துக்குள் கூப்பாடு போடுவதும் நிற்கவில்லை. உறுதிபூசுதல் சடங்குக்கு ஆயர் வந்தபோது வரிசையில் குழந்தைகளோடு நின்றார். பின்னால் அவர் தோளில் கை வைத்தபடி ஞானசேகர் நின்றார். தோள் கைக்கு எட்டுவதற்கு ஞானசேகர் குதிகாலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது.

தொண்ணூற்று எட்டில் ஞானசேகர் கோவிலூர்ப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டினார். வீடு மந்திரிப்பு அழைப்பிதழில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே மகன் இன்னாசி, மகள் வின்சி என்று அச்சடித்திருந்தது. பம்பாயில் முப்பது வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த மெர்சியின் சித்தப்பா, அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஞானசேகரைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ளே, ஒங்களுக்கு ஒரு பொண்ணுன்னுதான் நெனைச்சிருந்தேன். மகன் வேற இருக்கானா? என்ன செய்யிறான்?"

"சந்தையில ஆட்டுத் தரகு பாக்குறான் மாமா."

"படிக்க வைக்கலையா?"

"படிப்பு ஏறல."

"கல்யாணம் கில்யாணம்?"

"ஆச்சு. மருமக தவறிப்போச்சு."

சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம், இந்தச் சின்ன வயசுலயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. வேற எடம் பாத்து முடிச்சு வைக்க வேண்டியதுதானே?"

"மாட்டேங்குறான் மாமா."

அந்த நேரம் பார்த்து வெற்றிலைத் தட்டோடு இன்னாசி அந்தப் பக்கம் வந்தார். சித்தப்பா அவரை மரியாதையாகக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீங்க இந்த வீட்டுக்கு வேண்டப்பட்டவுக மாதிரி தெரியுது. அந்தப் பையன் இன்னாசிக்குப் பெரியவுக நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? வாழ வேண்டிய வயசுல இப்படி ஒத்தையில நிக்கலாமா?"

ஞானசேகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் டிரம்மைப் பார்க்கப் போகிறவர்போல நகர்ந்தார். இன்னாசி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேங்க" என்றார். "அவன் அவ நெனப்புலயே கெடக்கான்."